காட்டுக்குக் கொண்டுபோக உறுதியான கத்தி: எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

கேள்வி, 2024 ஓகஸ்ட் 18

அண்ணை, செப்ரெம்பர் கடைசிக் கிழமை நாங்கள் நாலு பேர் நோர்வேயின் ஃபெமுண்ட்ஸ்மார்க்கா காட்டுக்குப் போகிறோம். ஐந்து இரவு, கூடாரம், எல்லாம் முதுகில். மடக்குக் கத்தி வேண்டாம், மடங்காத, உறுதியான ஒன்று வாங்க யோசிக்கிறேன். தடிப்பு 6 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும், அலகின் இரும்பு முழு அகலத்தில் பிடியின் கடைசி வரை போகவேண்டும், இல்லாவிட்டால் காட்டில் உடைந்துவிடும் என்று சிநேகிதன் சொல்கிறான். வீடியோக்களிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? (ஒஸ்லோவில் இருந்து ஒரு வாசகர்)

2024 ஓகஸ்ட் 18, இரவு

6 மில்லிமீட்டர் வேண்டாம் தம்பி. 3 போதும். மிச்சக் காசுக்கு மரம் அறுக்கிற மடக்கு வாள் ஒன்று வாங்கும். என் பதில் இவ்வளவுதான், கீழே எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்கு.

உறுதியான கத்தி கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அதை வைத்து என்ன செய்யப்போகிறீர் என்பதைத்தான். நீர் அங்கே பாண் வெட்டுவீர், சொசேஜ் வெட்டுவீர், கயிறு அறுப்பீர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ட்ரவுட் மீனைப் பிளந்து குடல் எடுப்பீர், நெருப்பு மூட்டச் சீவல் சீவுவீர். இதில் ஒன்றுக்காவது தடிப்பு தேவையா? தடிப்புக் கூடக்கூட இந்த வேலை எல்லாமே கஷ்டமாகும். தடிப்புக் கேட்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஈர விறகைப் பிளப்பது. நாலு நாள் மழைக்குப் பிறகு கீழே கிடக்கிற கொப்புகளின் வெளிப்பக்கம் ஊறிப்போய் இருக்கும், நடுப்பகுதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும், அந்த நடுவை எடுக்கத்தான் அலகைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் ஒரு தடியால் அடித்துப் பிளக்கிறோம். வீடியோக்காரர்கள் இதைத் தொடைப் பருமன் குற்றியில் செய்து காட்டுகிறார்கள். காட்டில் தொடைப் பருமன் குற்றியோடு யாருக்கு என்ன வேலை? மணிக்கட்டுப் பருமன் போதும், அதற்கு 3 மில்லிமீட்டர் அலகு தாராளம்.

கணக்கையும் பாரும். அலகு 10 சென்ரிமீட்டர் என்று வைப்போம். உள்ளே இறங்கிய பிறகு அடிப்பதற்கு நுனி மூன்று சென்ரிமீட்டராவது மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். ஆகவே 6, 7 சென்ரிமீட்டர் விட்டத்துக்கு மேல் அந்தக் கத்தியால் பிளக்க முடியாது. அலகு 3 மில்லிமீட்டர் என்றாலும் சரி, 8 மில்லிமீட்டர் என்றாலும் சரி, அந்த எல்லை மாறாது. எல்லையைத் தீர்மானிப்பது நீளம்.

இனிப் பாரம். சுவீடனின் மோரா நிறுவனம் செய்கிற கம்பேனியன் என்ற சிறிய கத்தி உறையோடு சுமார் 120 கிராம். பாக்கோ லாப்லாண்டர் மடக்கு வாள் 200 கிராம் அளவில். இரண்டும் சேர்ந்து 320. அமெரிக்கர்கள் கொண்டாடுகிற பெக்கர் பிகே2 கால் அங்குலத் தடிப்பு, கத்தி மட்டும் ஏறத்தாழ 450 கிராம், உறை வேறு. அந்த 450 கிராம் உமக்கு ஒரு கொப்பைக்கூட ஒழுங்காகக் குறுக்கே அறுத்துத் தராது.

2024 ஓகஸ்ட் 19

பெயர் சொல்லுங்கள் என்று தனிச்செய்தி வந்திருக்கிறது, சரி. என் வரிசை: முதலில் மோரா கம்பேனியனின் தடித்த வகை, 3.2 மில்லிமீட்டர். சாதாரணக் கம்பேனியன் 2.5, அதுவும் போதும்தான், ஆனால் நீர் பிளக்கப்போகிறேன் என்று சொல்கிறபடியால் தடித்ததையே எடும். சிநேகிதனின் வாயை அடைக்கவேண்டும் என்றால் அதே மோராவின் கார்பெர்க்: 109 மில்லிமீட்டர் அலகு, அதே 3.2 தடிப்பு, இரும்பு பிடியின் கடைசி வரை போகிறது. விலை பல மடங்கு, பாரமும் கூட. இன்னும் மேலே போனால் ஃபெல்க்னீவன் எஃப்1, 4.5 மில்லிமீட்டர், 1995இலிருந்து சுவீடன் விமானப்படை விமானிகளுக்குக் கொடுக்கப்படுகிற கத்தி. விழுந்த விமானத்தில் இருந்து வெளியே வரவேண்டியவனுக்கு அது சரி. நீர் காரில் அல்லவா போகிறீர்.

ஒன்று மறக்கவேண்டாம்: ஃபெமுண்ட்ஸ்மார்க்கா 1971இலிருந்து தேசியப் பூங்கா. பட்டுப்போய் வெள்ளி நிறத்தில் நிற்கும் அந்தப் பழைய பைன் மரங்களில் கை வைக்கக்கூடாது, சில நூறு வருடம் வளர்ந்து, செத்த பிறகும் நிற்கிறவை அவை. கீழே விழுந்து கிடக்கும் மெல்லிய கொப்புகளோடு அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் பிளக்கிற வேலையே இன்னும் குறைகிறது.

2024 ஓகஸ்ட் 20

முழு இரும்பு விவகாரத்துக்கு வருகிறேன், இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள்.

பிடிக்குள் முழு அகலத்தில் இரும்பு போனால்தான் கத்தி, மற்றதெல்லாம் வெண்ணெய் பூசுகிற சாமான் என்ற பேச்சு அண்மைக்காலத்தில் வந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்துக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஒரு மெல்லிய வால்தான் இருக்கிறது. அந்த வாலை மரப் பிடியின் நடுவால் விட்டு இறுக்கிவிடுவார்கள். பின்லாந்தின் புக்கோ அப்படித்தான். இந்த நாடுகளின் வடக்கில் வாழும் பழங்குடியினரான சாமி மக்களின் பெரிய கத்தியும் அப்படித்தான், அதை வைத்து மரமே தறிக்கிறார்கள். அவ்வளவு ஏன், 1942இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை எடுத்துக்கொண்ட ஏழு அங்குலக் கா-பார் கத்தியில் தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடிக்குள் இருப்பதும் ஒடுங்கிய வால்தான். அதை யாரும் வெண்ணெய்க் கத்தி என்று சொல்லி நான் கேட்கவில்லை.

ஒடுங்கிய வால் ஏன் வந்தது என்பதற்கு இந்த ஊர்க் குளிர் ஒரு காரணம். மைனஸ் 15இல் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் இரும்பு தெரிகிற பிடியைப் பிடித்துப் பாருங்கள், அரை நிமிடத்தில் புரியும். மரம் இரும்பை முழுக்க மூடினால் கை சுடாது. சுடாது என்றுதான் எழுதவருகிறது, குளிர் அந்த அளவுக்குப் போனால் சுடுவது போலத்தான் இருக்கும்.

உடைவது எங்கே என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அலகு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் சதுரமாக வெட்டிய கூரிய மூலை இருந்தால் அடிக்கிற அதிர்ச்சி எல்லாம் அந்த மூலையில் போய்ச் சேரும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தை வளைவாக விட்டிருந்தால் ஒடுங்கிய வாலும் தாங்கும். இணையத்தில் வாங்கிய தடித்த கத்தி ஒன்று என்னிடம் அப்படித்தான் போனது, பெயர் சொல்லவில்லை, 5 மில்லிமீட்டர், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பேர்ச் கட்டையின் கணுவில் மாட்டி, பிடிக்கு ஒரு விரல் உள்ளே இரண்டாக வந்தது. உள்ளே பார்த்தால் சதுர மூலை, இரும்பு மணல் மாதிரிப் பொருபொருவென்று இருந்தது, சூடு கொடுத்துப் பதப்படுத்தியது சரியில்லை. தடிப்பு அதைக் காப்பாற்றவில்லை.

2024 ஓகஸ்ட் 20, பின்னேரம்

தேங்காய் உடைக்கலாமா என்று கேட்ட அன்பருக்கு: 6 மில்லிமீட்டர் கத்திக்கு நான் கேட்ட நியாயங்களில் இதுதான் திறமானது. முதுகால் அடித்தால் ஓம், உடையும். ஆனால் முதுகுப்பையில் தேங்காயைக் கட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் நடக்கிறவருக்குக் கத்தியின் பாரத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? தேங்காய்ப் பால் மா பக்கெற்றில் விற்கிறார்கள்.

2024 ஓகஸ்ட் 23

தடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் 3 மில்லிமீட்டர் என்ற இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக அளக்கிறாராம்.

நான் சொன்ன தடிப்பு முதுகுத் தடிப்பு. வெட்டுவதைத் தீர்மானிப்பது அதைவிட, கூருக்குச் சற்று மேலே இரும்பு எவ்வளவு மெல்லியது என்பதுதான். இதை எனக்கு யாரும் வீடியோவில் சொல்லித்தரவில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் கரையோரம் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றவன். அங்கே கையில் தந்த கத்தி வளையும், அவ்வளவு மெல்லியது. நாள் முழுக்கக் கொட் மீனின் முதுகெலும்போடு ஒட்டி இழுக்கவேண்டும், ஒரு மில்லிமீட்டர் சதை எலும்பில் விட்டால் மேற்பார்வையாளர் வருவார். புதிய ஆள் ஒருவர் தன் பெட்டியில் இருந்து தடித்த வேட்டைக் கத்தியை எடுத்து வந்து ஒரு மீனில் முயன்றார், சதை கிழிந்து கூழாகியது, எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். தேய்ந்து தேய்ந்து ஒடுங்கிப்போன பழைய கத்தியைத்தான் அனுபவசாலிகள் ஒளித்து வைப்பார்கள்.

மோரா மாதிரிக் கத்திகளில் அலகின் பாதியில் இருந்து கூர் வரை ஒரே சரிவு, இதை ஸ்கண்டி என்கிறார்கள். மரம் சீவ இதைப் போல் ஒன்று இல்லை, சரிவை மரத்தில் படியவைத்தால் கத்தி தன்பாட்டில் போகும். ஆனால் கரட், வெங்காயம் போன்றவற்றில் அந்தச் சரிவின் தோள் இடித்துப் பிளக்கும், வெட்டாது. தடித்த வகையில் இன்னும் மோசம். முதுகில் இருந்தே மெலிந்து வருகிற அலகு சமையலுக்கு நல்லது, மரத்தில் கொஞ்சம் வழுக்கும். எஃப்1 போன்றவற்றில் சரிவு இலேசாக வெளியே புடைத்திருக்கும், பிளக்கும்போது மரத்தை இரண்டு பக்கமும் தள்ளும், கூரும் கெதியாய் உடையாது, தீட்டப் பழகத்தான் நாள் எடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு கத்தி என்று தேடுகிறவர் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என் தெரிவு ஸ்கண்டி, ஏனென்றால் மழை நாளில் சீவல் வராவிட்டால் வெங்காயத்தைச் சமைக்க நெருப்பே இல்லை.

2024 ஓகஸ்ட் 24

துரு. நான் இருப்பது பெர்கனில், வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர், ஆகவே என் பதில் ஒருபக்கச் சார்பானது: துருப்பிடிக்காத இரும்பை வாங்கும். மோரா கம்பேனியனின் துருப்பிடிக்காத வகையில் வருகிற சான்விக் 12சி27 உருக்கில் கரிமம் 0.6 சதவீதம், குரோமியம் 13.5. அமெரிக்கக் கத்திகளில் அதிகம் வருகிற 1095 உருக்கில் கரிமம் 0.95 அளவில், குரோமியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1095 நல்ல இரும்புதான், தீட்ட இலகு, அடி தாங்கும். ஈரத் தோல் உறைக்குள் ஓர் இரவு வைத்தால் விடிய செம்மஞ்சள் புள்ளி வந்திருக்கும், அவ்வளவுதான் குறை. எண்ணெய் பூசிப் பராமரிக்கிற ஆசை உள்ளவருக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு வேலை.

(சான்விக்கின் அந்த உருக்குப் பிரிவு 2022இலிருந்து அல்லெய்மா என்ற பெயரில் தனி நிறுவனம். கடைகளில் இன்னும் எல்லோரும் சான்விக் என்றே சொல்கிறார்கள்.)

விலை உயர்ந்த புதிய உருக்குகளைப் பற்றிக் கேட்டவருக்கு: கூர் நிறைய நாள் நிற்கும், மழுங்கினால் கூடாரத்துக்குள் இருந்து தீட்ட முடியாது. ஐந்து நாளில் நீர் அந்தக் கூரை மழுக்கப்போவதும் இல்லை. அப்படியானால் எதற்கு?

2024 ஓகஸ்ட் 27

அல்ற்றாவில் இருந்து ஒரு அக்கா நீண்ட பதில் எழுதியிருக்கிறார், அதைப் படித்த பிறகு மேலே எழுதியதில் ஒரு பகுதியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். வாளும் சிறிய கத்தியும் போதும் என்றேன். அவர் நடக்கிற ஃபின்மார்க் மேட்டு நிலத்தில் பைன் குறைவு, பேர்ச்தான், அதுவும் வளைந்து நெளிந்த மெல்லிய தண்டுகள். அவற்றை அறுக்கவும் பிளக்கவும் யாரும் மினக்கெடுவதில்லை, சாமி மக்கள் இருபது சென்ரிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியால் ஒரே கொத்தில் தறிக்கிறார்கள். காரஷோக்கில் ஸ்ட்ரோமெங் குடும்பம் செய்கிற கத்திகள் இதற்குப் பெயர் போனவை. அந்தக் கத்தி கோடரிக்குப் பதில். அருகில் ஒரு சிறிய கத்தியும் தொங்கும், நுட்பமான வேலைக்கு அது. அந்த நிலத்தில் அவர்கள் கண்ட வழி அது, அங்கே போகிறவர் என் வாளை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் கவனித்தீர்களா, அந்தப் பெரிய கத்தியும் கட்டைபோலத் தடித்ததல்ல. நீளம், முன்பாரம், வேகம், இதை வைத்துத்தான் வெட்டுகிறது. 13 சென்ரிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கத்தி தறிக்கவும் குட்டை, சீவவும் தடிப்பு.

ஹார்டாங்கர்விடா மலை மேட்டு நிலத்துக்கும் இதே கத்தியா என்று கேட்டவருக்கும் இங்கேயே: அங்கே பெரும்பகுதி மரம் வளரும் எல்லைக்கு மேலே. எரிக்க ஒன்றும் இல்லை, முழங்கால் உயரக் குட்டைப் பேர்ச்சும் பாசியும்தான். அடுப்பும் அதற்கு எரிவாயுவும் கொண்டுபோகவேண்டும், கத்தி சாப்பாட்டுக்கும் மீனுக்கும். மெல்லிய 2.5 போதும், வாள் வேண்டாம். பிள்ளைகளின் மடக்குக் கத்தியே போதும் என்றுகூடச் சொல்வேன், ஆனால் இந்த இடத்தில் அதைச் சொன்னால் அடிப்பீர்கள்.

2024 செப்ரெம்பர் 1

சட்டம், சுருக்கமாக. நோர்வேயில் தண்டனைச் சட்டம் 189ஆம் பிரிவு பொது இடத்தில் கத்தி கொண்டு திரிவதைத் தடுக்கிறது, வேலை, காட்டுப் பயணம் போன்ற நியாயமான காரணங்களுக்கு விலக்கு இருக்கிறது. தேசிய தினமான மே 17 அன்று தேசிய உடையில் இடுப்பில் கத்தியோடு போகிற ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே காட்டில் இடுப்பில், ரயிலிலும் கடையிலும் பைக்குள், அடியில். பயணம் முடிந்து வந்து காரின் கதவுப் பொந்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அது காட்டுப் பயணம் இல்லை, பொலிஸ் கேட்டால் விளக்குவது கஷ்டம்.

லண்டன்காரருக்கு: உங்கள் ஊர் வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூட்டு விழாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்குத்தான் காரணம் தேவையில்லை. மடங்காத கத்தி எந்த அளவானாலும் பொது இடத்தில் நல்ல காரணம் வேண்டும். மலைக்குக் கூடாரம் அடிக்கப் போவது காரணம், போகிற வழியில் கடைத்தெருவில் இறங்கி நிற்பது காரணம் ஆகாது.

கோயம்புத்தூரில் இருந்து எழுதிய தம்பிக்கு: இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று பட்டியலிடுவதில் கத்தியும் அடக்கம். சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. வனத்துறை அனுமதியோடு மலையேறப் போகிறவர் இதை முதலே கேட்டுவிடுங்கள். அங்கே நெருப்பு மூட்டுவதும் கூடாது, ஆகவே இந்த இழையில் உள்ள முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே இல்லை. பழம் வெட்ட ஒரு சமையல் கத்தி கேட்டுப்பாருங்கள்.

2024 செப்ரெம்பர் 3

எங்கே தொங்கவிடுவது? இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் பெரிய பையோடு நடக்கிறவருக்கு முதல் நாளே வருகிற தலையிடி இதுதான். பையின் இடுப்புப் பட்டி வந்து உட்காருகிற இடமும் கத்தி உறை உட்காருகிற இடமும் ஒன்று. உறையின் மேல்முனை விலாவில் குத்தும், பட்டி சரியாக இறுகாது, பாரம் தோளுக்கு ஏறும். உறை இடுப்பில் இருந்து ஒரு சாண் கீழே ஆடித் தொங்கினால் பரவாயில்லை. பையின் தோள் பட்டியில் தலைகீழாகக் கட்டுவது படத்துக்கு நன்றாக இருக்கும், விழுந்தால் கத்தி போய்விடும், அல்லது போகாமல் உம்மிடம் வரும். நான் பையின் பக்கப் பொக்கற்றில் செருகிவிட்டு, முகாம் போட்ட பிறகு இடுப்பில் மாட்டுகிறேன். நடக்கும்போது கத்திக்கு என்ன அவசரம்?

தோல் உறை அழகு. ஈரம் குடிக்கும். பிளாஸ்டிக் உறை அசிங்கம், கீழே ஓட்டை இருக்கும், தண்ணீர் வடிந்துவிடும். பிளாஸ்டிக்.

2024 செப்ரெம்பர் 8

பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். இந்த நாட்டில் பாலர் பாடசாலையிலேயே கத்தி கொடுத்துச் சீவப் பழக்குகிறார்கள், நுனி மழுங்கியது, விரல் வழுக்காமல் தடுப்பு வைத்தது. என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நான் நின்றுகொண்டு ஒரு தடியைச் சீவ, "அப்பா, இருந்துதான் சீவவேணும்" என்று என்னை இருத்தினாள். அவர்களின் விதி அது: இருக்கவேண்டும், ஒரு கை தூரத்தில் ஆள் இருக்கக்கூடாது, கத்தி உடம்பை விட்டு வெளியே போகவேண்டும், எழும்ப முன்னம் உறைக்குள்.

பெரியவர்களுக்கு ஒன்று கூட்டுகிறேன். இருந்துகொண்டு இரண்டு தொடைக்கும் நடுவில் சீவக்கூடாது. தொடையின் உட்பக்கத்தால் பெரிய இரத்தக் குழாய் போகிறது, அங்கே கத்தி இறங்கினால் நிமிடக் கணக்குத்தான், ஃபெமுண்ட்ஸ்மார்க்காவுக்கு ஹெலிகொப்டர் வர அதைவிட நேரம் எடுக்கும். முழங்காலுக்கு வெளியே, அல்லது ஒரு கட்டையில் ஊன்றிச் சீவும். தடித்த கத்தி பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இதையும் யோசிக்கவேண்டும், வெட்டாத கத்தியைத்தான் பலம் போட்டு அழுத்துகிறோம், அழுத்தினால்தான் வழுக்கும்.

2024 செப்ரெம்பர் 15

இன்றோடு நெருப்புத் தடைக் காலம் முடிகிறது. ஏப்ரல் 15இலிருந்து செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டுக்கு அருகிலும் திறந்த நெருப்பு கூடாது என்பது பொது விதி, நீங்கள் போவது அதற்குப் பிறகு, நல்லது.

தம்பி தடித்த கம்பேனியனை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். பொறிக் கம்பியை அதன் முதுகால் உரசினால் பொறி வரவில்லையாம். வராது. அந்த முதுகின் விளிம்பு உருட்டையானது, பொறிக்குச் சதுர விளிம்பு வேண்டும். கார்பெர்க்கின் முதுகை அதற்கென்றே சதுரமாகத் தீட்டி விற்கிறார்கள், விலை வித்தியாசத்தில் அதுவும் ஒன்று. உமக்கு வழி இலகு: ஓர் இரும்பு அரத்தை எடுத்து, பிடிக்கு அருகே இரண்டு விரல் அகலத்துக்கு முதுகை மட்டமாக அராவும். நுனிப் பக்கம் அராவவேண்டாம், பெருவிரல் வைக்கிற இடமும் வேண்டாம். அல்லது லைட்டர் இரண்டு கொண்டுபோம், ஒன்று பொக்கற்றில், மற்றது நனையாத பையில். நான் இரண்டாவது வழி.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மழை நாளில் செய்துபார்க்காமல் போகவேண்டாம். மணிக்கட்டுப் பருமன் கட்டை, கணு இல்லாதது, ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, அலகை நேர்நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து மெல்லிய பலகைகளாக உரித்துக்கொண்டு வாரும். பிடியைக் கீழே அழுத்தி நெம்பவேண்டாம், உடைப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் உடைக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் காய்ந்த கொப்பில் ஓர் ஆப்புச் சீவி, பிளவில் வைத்து அடியும், கத்தி தானாகக் கழன்று வரும். உண்மையில் முதல் பிளவுக்கு மட்டும் கத்தி, மிச்சத்துக்கு ஆப்பு என்று பழகினால் தடிப்புச் சண்டையே முடிந்துபோகும்.

பேர்ச் பட்டையின் வெளித்தோல் நனைந்தாலும் பற்றும், அதில் எண்ணெய் இருக்கிறது. விழுந்த மரத்தில் இருந்து மட்டும் உரியும். பிசின் ஊறிய பைன் கட்டை, இங்கே தீரி என்பார்கள், கிடைத்தால் அதைச் சீவும், வேறு ஒன்றும் தேவையில்லை.

2024 ஒக்ரோபர் 6

போய் வந்துவிட்டார்கள். மூன்று நாள் மழை, ஒரு நாள் ஈரப்பனி. தம்பி எழுதியதில் எனக்குப் பிடித்த வரி: "அண்ணை, கூடப் பாவித்தது வாள், அடுத்தது கரண்டி, மூன்றாவதுதான் கத்தி." சிநேகிதன் தன் 6 மில்லிமீட்டரைக் கொண்டுபோனாராம், முதல் இரவு பெரிய கட்டை ஒன்றைப் பிளந்து காட்டினார், உண்மையிலேயே பிளந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த நாளில் இருந்து பாண் வெட்டத் தம்பியின் கத்தியைக் கடன் கேட்டார். சிநேகிதனுக்கும் நியாயம் செய்யவேண்டும், கூடார முளை ஒன்று கல்லுக்குள் இறுகியபோது நெம்பி எடுத்தது அவர் கத்திதானாம். நெம்புகிற வேலைக்குத் தடிப்பு உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு முளைக்காக 450 கிராமா என்பது அவரவர் முதுகைப் பொறுத்தது.

தம்பியின் கத்தியில் நுனிக்கு அருகே கூர் கொஞ்சம் மடிந்திருக்கிறது. மீன் வெட்டும்போது பாறையில் பட்டிருக்கும், அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் பாறைதான்.

2024 ஒக்ரோபர் 7

தீட்டுவது எப்படி என்று கேட்கிறார். ஸ்கண்டி என்றபடியால் கோணம் பிடிக்கிற கவலை இல்லை. அகலமான அந்தச் சரிவு முழுவதையும் கல்லில் படியவைத்து, இரண்டு விரலால் சரிவின் மேலேயே அழுத்தி, கூர் முன்னே போகத் தள்ளும். ஒரு பக்கம் தீட்ட, மற்றப் பக்கத்தில் நகத்தில் தட்டுப்படுகிற மெல்லிய பிசிர் நுனி வரை வரும். வந்த பிறகு மற்றப் பக்கம். பிறகு அழுத்தம் குறைத்து மாறி மாறி. கடைசியில் பழைய தோல் இடுப்புப் பட்டியின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழும், பிசிர் போய்விடும். மடிப்பு ஆழமாக இருந்தால் கரடான கல்லில் தொடங்கவேண்டும், அவசரத்துக்கு அந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் கூரில் பள்ளம் விழும், பிறகு முழு அலகையும் அதற்குச் சமமாக இறக்கவேண்டி வரும்.

கல் இல்லை என்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தும். அடியில் மினுக்கம் பூசாத கரடான வளையம் இருக்கும், அதில் மெதுவாகத் தீட்டலாம். மலைக் குடிசைகளில் தங்கும்போது நான் இதைச் செய்வதுண்டு, கழுவி வைத்துவிடும்.